ஒட்டியிருந்த இரண்டு தாள்கள்

மார்ச் 3
அறுபத்தெட்டு வயதில் எழுத்துக் கற்று, ஒரு பக்கம் முழுக்க நானே வாசித்துவிட்டேன்! நாற்பது வருடம் புத்தகங்களைத் தைத்து, ஒட்டி, அட்டை போட்டவன். உள்ளே என்ன இருக்கிறதென்று இப்போதுதான் தெரிகிறது. மனைவியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "மெதுவா. விழுந்து தொலைக்காதீங்க" என்றாள்.

மார்ச் 9
கல்யாணமான புதிதிலிருந்து அவள் எனக்கு வாசித்துக்காட்டும் காதல் நாவலை எடுத்திருக்கிறேன். எத்தனை தடவை கேட்டிருப்பேன்! அதில் நாயகன் மழையில் நனைந்து வந்து கதவைத் தட்டுவான். நாயகி தலைகுனிந்து நிற்பாள், வாயே திறக்கமாட்டாள். "இவதான் பொண்ணு!" என்பேன். ஒவ்வொரு தடவையும்.

மார்ச் 14
எழுபத்தொன்றாம் பக்கத்துக்குப் பிறகு எழுபத்து நான்கு. இரண்டு தாள்கள் ஒட்டியிருக்கின்றன. பட்டறைக் கோளாறு இல்லை. ஓரங்களில் மட்டும் மாவுப் பசை, ஒரு மூலையில் வழிந்திருக்கிறது. கத்துக்குட்டி கை.

மார்ச் 15
ஈரத்துணி வைத்து, கத்தி நுழைத்துப் பிரித்தேன். வாசித்தேன்.

கதவைத் தட்டியது அவன் இல்லை. அவள். "எனக்கு நீ வேண்டும். அதைச் சொல்லத்தான் வந்தேன்" என்கிறாள். தலைகுனிந்து நிற்பவன் அவன்.

அப்படியானால் இத்தனை வருடம் நான் கேட்டது?

மார்ச் 16
மனைவியிடம் கேட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"கல்யாணமாகி மூணாம் மாசம் நான்தான் முதல்ல உங்க கையைப் பிடிச்சேன். என்ன கேட்டீங்க, ஞாபகம் இருக்கா?"

இல்லை என்றேன்.

"'இதெல்லாம் எங்க கத்துக்கிட்ட?'ன்னு கேட்டீங்க. மறுநாளே நீங்க கொண்டாந்த பசையை எடுத்து, என் கண்ணுலகூடப் படக்கூடாதுன்னு அந்தப் பக்கத்தை ஒட்டிட்டேன். உங்களுக்குப் பிடிச்ச மாதிரி ஒருத்தியை நானே கட்டிச் சொன்னேன். கடைசியில நானும் அவளாவே இருந்துட்டேன்."

மடித்த சட்டையை என் பக்கம் தள்ளினாள்.

மார்ச் 17
ஞாபகம் இருக்கிறது. பொய் சொன்னேன்.

மார்ச் 20
மத்தியானம் அந்த இரண்டு பக்கங்களையும் அவளுக்கு வாசித்தேன், எழுத்துக்கூட்டி. நான் திக்கிய இடத்திலெல்லாம் கண்ணை மூடிக்கொண்டே அடுத்த வார்த்தையைச் சொன்னாள்.

முடித்ததும் புத்தகத்தை அவள் மடியில் வைத்துவிட்டு அவளிடம் கையை நீட்டினேன். புத்தகத்தைக் கேட்கிறேன் என்று நினைத்தாளோ, நினைத்ததாகக் காட்டிக்கொண்டாளோ — அதைத் திரும்ப என் கையில் வைத்தாள்.

"ஒட்டிடுங்க. நல்லா ஒட்டத் தெரிஞ்சவர் நீங்கதானே."

ஒட்டினேன். ஒரு சொட்டுகூட வழியவில்லை.