நீ உப்பு போட்ட பயறு

ஹார்லன் கிரீக், மிசூரி
26 செப்டம்பர் 1974

லவோனுக்கு, எல்டா எழுதுவது.

"அன்புள்ள" என்று போடவில்லை, பார்த்திருப்பாய். மறந்துபோய் விடவில்லை. எட்டு வருஷம் பேச்சு வார்த்தை இல்லாதவளுக்கு அப்படி எழுதினால் எனக்கே சிரிப்பு வந்துவிடும். நானும் என் வீட்டுக்காரர் ஹார்லியும் இருக்கிறோம். நீ சுகமா என்று கேட்கப் போவதில்லை. வாராவாரம் பத்திரிகையில் இத்தனை வாயடிக்கிறவளுக்கு உடம்புக்கு என்ன கேடு?

ஆமாம், கண்டுபிடித்துவிட்டேன். நம் விவசாய வார இதழின் "அடுப்படி அரட்டை" பக்கத்தில் ஆறு மாதமாக என்னை வம்புக்கு இழுக்கும் "நெப்ராஸ்கா ஆறின சட்டி" என்ற புனைபெயர்க்காரி நீதான். "மிசூரி அடுப்பு" நான்தான். இது உனக்கு முன்பே தெரியும் என்பது என் சந்தேகம். ஜூன் மாதமே, "மிசூரி அடுப்பு அவர்களின் வாயைப் பார்த்தால் எனக்குத் தெரிந்த ஒருத்தி ஞாபகம் வருகிறது" என்று எழுதினாயே, அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் எனக்குக் கோபம் ஆறவில்லை. மூன்று வாரத்தில் சர்ச்சின் அறுவடை விருந்து. இருநூறு பேருக்குப் பயறு வேகவைப்பது இருபத்திரண்டு வருஷமாக என் பொறுப்பு. உன்னோடு சண்டை போட நேரமில்லாத சமயத்தில்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது. காரணம் அந்தப் பயறுதான். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் திருட்டு விஷயம். போன வாரம் நீ எழுதியது இது: "சட்டியில் பேக்கன் பன்றித் துண்டு சுருண்டுகொள்கிறது என்று அழுகிறவர்கள், கைப்பிடி உடைந்த பழைய இஸ்திரி இரும்பு இருந்தால் நன்றாகக் கழுவி அதன் மேல் வையுங்கள்." கைப்பிடி உடைந்த இஸ்திரி இரும்பைப் பேக்கன் மேல் வைக்கிற வீடு இந்த அமெரிக்காவில் எத்தனை இருக்கும்? அப்பா அதைக் கோழிக்கூண்டுக் கதவுக்கு முட்டுக்கொடுத்து வைத்திருந்தார், அம்மா பிடுங்கிக்கொண்டு வந்து அடுப்படியில் வைத்தாள். அப்பாவை அடக்கம் செய்த வாரம் அது காணாமல் போனது. பழைய இரும்பு வாங்க வருகிறவனைச் சந்தேகப்பட்டு நான் வாசலிலேயே திட்டி அனுப்பினேன். அந்த ஆள் அதற்குப் பிறகு எங்கள் தெருவுக்கே வருவதில்லை. நீ அதைப் பெட்டியில் துணிக்கு அடியில் வைத்து நெப்ராஸ்காவுக்குக் கொண்டுபோயிருக்கிறாய்.

உன் மற்ற யோசனைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், மனசில் வைத்துக்கொள்ள மாட்டேன். பேக்கன் மேல் பழுப்புச் சர்க்கரை தூவி அடுப்புப் பெட்டியில் வைப்பது மிட்டாய்க்கடை வேலை, சமையல் இல்லை. கிரேவிக்கு மாவை வறுக்காமல் பாலை ஊற்றச் சொன்னது எந்தக் கையாலாகாதவள் உனக்குக் கற்றுக்கொடுத்தது என்று தெரியவில்லை. சட்டியில் மிஞ்சும் பேக்கன் கொழுப்பைச் சூடாகக் கீரை மேல் ஊற்றி வினிகர் தெளிப்பது மட்டும் சரி. அது அம்மாவுடையது, உன்னுடையது இல்லை.

இனி ஏப்ரலில் நான் அனுப்பிய கேள்விக்கு வருகிறேன். "மூக்கு அடைத்திருக்கும்போது பேக்கன் பதமாகிவிட்டதை எப்படி அறிவது?" அயோவாக்காரி ஒருத்தி டாக்டரிடம் போகச் சொன்னாள். நீ என்ன எழுதினாய்? "மூக்கு இல்லாவிட்டால் காது இருக்கிறதே. ஆறின சட்டியில் பேக்கனை அடுக்கி, ஒரு கரண்டி தண்ணீர் விட்டு, சின்னத் தீயில் வையுங்கள். முதலில் தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி இரைச்சல் போடும். இரைச்சல் அடங்கிக் கிசுகிசுப்பாகி, மேலே வெள்ளை நுரை கட்டினால் எடுத்துவிடுங்கள். இதுகூடத் தெரியாதவர் கையில் சட்டியைக் கொடுத்தது யார்?" கடைசி வரிக்கு நான் பதில் எழுதினேன், ஞாபகம் இருக்கும். ஆனால் மறுநாள் காலை நீ சொன்னபடியே செய்தேன். அன்றைக்குத்தான் இரண்டு மாதத்தில் முதல் முறையாகப் பேக்கன் கருகாமல் வந்தது.

மூக்கு அடைத்திருக்கவில்லை, லவோன். பிப்ரவரியில் வந்த காய்ச்சலோடு மூக்கும் நாக்கும் போய்விட்டன. காப்பி வெந்நீராக இருக்கிறது. மார்ச்சில் சட்டியில் கொழுப்புத் தீப்பிடித்து ஜன்னல் திரை வரை ஏறியது, நான் பக்கத்திலேயே முதுகைக் காட்டிக்கொண்டு பிஸ்கட்டுக்கு மாவு பிசைந்துகொண்டிருக்கிறேன். ஹார்லி கொட்டகையிலிருந்து ஓடிவந்துதான் அணைத்தார். டாக்டர் என்னிடம், "திரும்ப வந்தாலும் வரும்மா, வராமலும் போகலாம். காத்திருந்துதான் பாக்கணும்" என்றார். இது ஹார்லிக்குத் தெரியும். இப்போது உனக்கும் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

அளந்து போடலாமே என்பாய். நீயும் அந்த வீட்டில் வளர்ந்தவள்தான், யோசித்துப் பார். பயறுக்குள் போவது ஹார்லி உப்புக்கண்டம் போட்டுப் புகையூட்டிய பேக்கன். ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு அளவு உப்பைக் குடித்திருக்கும். அது வெந்து இறங்கிய பிறகு, நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் மிச்ச உப்பு. நான் ஜூலையில் அளந்துதான் போட்டேன். சுதந்திர தின விருந்துக்கு ஒரு பெரிய சட்டி கொண்டுபோனேன். எல்லோரும் மரியாதையாகச் சாப்பிட்டார்கள், எல்லோரும் இரண்டு மூன்று டம்ளர் எலுமிச்சைச் சர்பத் குடித்தார்கள். பாதிரியார் மனைவி மிசஸ் கோப் மரத்துக்குப் பின்னால் போய்த் தன் தட்டை நாய்க்குக் கொட்டினாள். நாயும் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. அதை நான் கண்ணால் பார்த்தேன்.

போன ஞாயிறு அவள் என் தோளில் கை போட்டுக்கொண்டு சொல்கிறாள்: "எல்டா, நீங்களும் எத்தனை வருஷந்தான் கஷ்டப்படுவீங்க? இந்த வருஷம் பயறை எங்கிட்ட விட்டுடுங்களேன். நான் டப்பாவுல வர்றதை வாங்கிச் சூடு பண்ணிடறேன். யாருக்குத் தெரியப் போவுது?" டப்பாப் பயறு! அவள் கையைத் தோளிலிருந்து எடுத்துவிட்டு வந்துவிட்டேன். அந்தச் சட்டி அவள் கைக்குப் போனால் நான் அந்தச் சர்ச் படியை மிதிக்கப் போவதில்லை. இங்கே எனக்கென்று இருப்பது அது ஒன்றுதான். பிள்ளை குட்டி இல்லை, பாட்டு வராது, யாரிடமும் இனிமையாக நாலு வார்த்தை பேசவும் வராது. எனக்குப் பயறு வரும்.

ஹார்லியை ருசி பார்க்கச் சொல்லலாம். நாற்பது வருஷம் புகையிலைப் பைப் பிடித்த நாக்கு. நேற்று ஒரு கிண்ணம் கொடுத்து எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "சூடா இருக்கு" என்றார். பக்கத்து வீட்டுக்காரியைக் கேட்டால் சாயங்காலத்துக்குள் மிசஸ் கோப் காதுக்குப் போய்விடும். இந்த ஊரில் என் சட்டிக்குள் கரண்டி விட்டு, முகத்தைப் பார்த்து உள்ளதைச் சொன்னவள் ஒருத்திதான். அவளை நான்தான் துரத்தினேன்.

அப்பாவின் காரியத்து விருந்தை நீ மறந்திருக்க மாட்டாய். சர்ச்சின் கீழ்க்கூடம், ஊரே உட்கார்ந்திருக்கிறது. நீ பஸ்ஸிலிருந்து இறங்கின கோட்டோடு நேரே என் சட்டிக்கு வந்து ஒரு வாய் பார்த்துவிட்டு, "என்னக்கா இது, உப்பைக் கண்ணுலயே காட்டலயா? அப்பாவோட கடைசிச் சாப்பாடாவது வாய்க்கு வெளங்கட்டும்" என்று உப்பு டப்பாவை எடுத்து ஒரு கைப்பிடி போட்டாய். எல்லோரும் பார்த்தார்கள். நான், "பத்தொன்பது வயசுல வீட்ட விட்டு ஓடிப்போனவளுக்கு இந்தச் சட்டியில கை வைக்க என்னடி உரிமை? வந்த பஸ்லயே திரும்பிப் போ" என்றேன். நீ போய்விட்டாய். இரும்பையும் எடுத்துக்கொண்டு.

உனக்கு ஒன்று சொல்லவேயில்லை. மறுநாள் மத்தியானம் மிஞ்சின பயறைத் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டேன். சரியாக இருந்தது. அந்த ருசியை ஞாபகம் வைத்துக்கொண்டுதான் இந்த எட்டு வருஷமும் உப்பு போட்டேன், ஊர் என்னைப் பாராட்டியது. நான் யாரிடமும் உன் பேரைச் சொல்லவில்லை. இரும்பு நீ திருடினது என்றால், இது நான் திருடினது. இதற்காக மன்னிப்புக் கேட்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அத்தனை பேர் முன்னால் நீ அப்படிச் செய்திருக்கக் கூடாது. அது எனக்கு இன்னும் எரிகிறது.

விருந்து அக்டோபர் 19, சனிக்கிழமை. நெப்ராஸ்காவின் லிங்கனிலிருந்து வரும் பஸ் வெள்ளி மத்தியானம் நம் கடைத்தெருவில் நிற்கும். ஹார்லி வண்டியோடு நிற்பார், நீ வந்தாலும் வராவிட்டாலும் நிற்பார், நான் சொல்லிவிட்டேன். அந்த இரும்பைக் கொண்டு வா, அது என் வீட்டுச் சாமான். உன் சர்க்கரை பேக்கனை மட்டும் தயவுசெய்து கொண்டு வராதே.

சனிக்கிழமை விடிந்ததும் சர்ச் முற்றத்தில் அடுப்பு மூட்டுவேன். பேக்கன், வெங்காயம், மிளகு எல்லாம் என் கையால் போடுவேன். உப்பு போட மாட்டேன். பதினொரு மணிக்கு எல்லோரும் வந்து சேர்ந்திருப்பார்கள், மிசஸ் கோப் முன்வரிசையில் இருப்பாள். அப்போது நீ கோட்டோடு நேரே என் சட்டிக்கு வா. ஒரு வாய் பார். உப்பு டப்பாவை எடுத்து, எல்லோரும் பார்க்க, உன் கைக்கு எவ்வளவு தோன்றுகிறதோ அவ்வளவு போடு.

நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருப்பேன். இந்தத் தடவை வாயைத் திறக்க மாட்டேன்.

உன் அக்கா,
எல்டா