ஒத்திகை என்று சொன்னார்கள்

மார்ச் 4, செவ்வாய்

கிளினிக்கில் பல் பிடுங்க வந்தவருக்கு டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தபோது போன். எண்பதுகளில் நான் நடித்த ஒரே படத்தைச் சுத்தம் பண்ணி மறுபடி திரையிடுகிறார்களாம். டைரக்டருக்குப் பாராட்டு விழா. "நீங்களும் மேடையில ரெண்டு வார்த்தை பேசணும் மேடம்."

பேசுகிறேன் என்றேன். நாற்பது வருஷமாக நாக்கு நுனியில்தான் இருக்கிறது.

மார்ச் 6

தங்கையிடம் சொன்னேன். "அந்த ஆளுக்கு எண்பது தாண்டியாச்சு. விட்டுத் தொலையேன்க்கா."

அவளுக்கென்ன. அப்போது அவளுக்கு நாலு வயசு. ஷூட்டிங் முடிந்து வீட்டுக்கு வந்த என்னைப் பார்த்து அலறி, கட்டிலுக்கடியில் போய் ஒளிந்தவள்.

எனக்குப் பதினாறு. படத்தில் ஹெட்மாஸ்டரை எதிர்த்துச் சுவரில் எழுதும் மாணவி. தண்டனையாக, பள்ளிக்கூடமே பார்க்க அவள் தலைமுடியை வெட்டுவார்கள். "விக்கைத்தாம்மா வெட்டுவோம்," என்று அம்மாவிடம் டைரக்டர் சத்தியமே பண்ணினார். அன்றைக்கு அம்மாவை ஏதோ சாக்குச் சொல்லி வெளியே அனுப்பிவிட்டு, ஒத்திகை, விக் அப்புறம் வரும் என்று என்னை உட்காரவைத்தார்கள். ரெண்டு பேர் தோளை அமுக்கினார்கள். பிடரியில் கத்தரிக்கோல் பட்டபோதுதான் புரிந்தது. கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

விட்டுத் தொலைக்கணுமாம்.

மார்ச் 11

பாத்திரம் கழுவிக்கொண்டே பேசிப் பார்க்கிறேன். அழக் கூடாது. அழுதால், இன்னமும் என்னமா நடிக்கிறாங்க என்பார்கள்.

மார்ச் 15, சனி

படம் நன்றாகத்தான் இருக்கிறது. அதுதான் வயிற்றெரிச்சல். அந்தக் காட்சி வந்ததும் அரங்கமே கைதட்டியது. பக்கத்து இருக்கைப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நான் பேசுவதற்கு முன்னால் அவரே ஆரம்பித்துவிட்டார். "அந்தப் பொண்ணுகிட்ட நாங்க சொல்லவே இல்ல. சொல்லியிருந்தா அந்த அலறல் கிடைச்சிருக்குமா?" எல்லோரும் சிரித்தார்கள். பெருமையாம் பெருமை. நான் தயார் பண்ணியிருந்த பேச்சு முழுக்கப் போச்சு. மைக் கைக்கு வந்தபோது ஒன்றுமே தோன்றவில்லை. கேட்டுவிட்டேன்.

"'வேண்டாம், விடுங்க'ன்னு கத்தினேனே சார், அது வசனமா?"

"இல்லம்மா. நீயா சொன்னது. பிரமாதம்."

"அப்ப உங்களுக்குக் கேட்டுச்சு."

அவர் சால்வையை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

"அந்த ஹெட்மாஸ்டரை ஊரே வெறுக்கணும்னு படம் எடுத்தீங்க. வெட்டச் சொன்னது நீங்கதானே?"

சிரிப்பு நின்றது. அவர் விழாக்காரர்களைப் பார்த்தார். அவர்கள் தரையைப் பார்த்தார்கள். கேடயம் கொடுத்தபோது பின்வரிசையில் யாரோ ஒருவர் தட்ட ஆரம்பித்து, பாதியில் கையை இறக்கிக்கொண்டார்.

மார்ச் 16

நன்றாகத் தூங்கினேன்.

மார்ச் 20, வியாழன்

டைரக்டரின் மகள் போன் பண்ணினாள். விழாவில் நடந்தது எல்லாப் பேப்பரிலும் வந்துவிட்டதாம். ஏதோ தப்பாகப் புரிந்துகொண்டேன் என்று நான் ஒரு வரி சொன்னால் போதுமாம்.

"அப்பா சாப்பிடவே மாட்டேங்கறாரு ஆன்ட்டி."

பாவம்தான் அந்தப் பெண். குரலெல்லாம் கம்மிப்போயிருந்தது. அப்பன் பண்ணினதுக்கு இவள் ஏன் வந்து கெஞ்சணும்? ஒரு நிமிஷம் மனசு ஆடியது, இல்லையென்று சொல்லமாட்டேன்.

"எனக்கும் அப்போ சோறு இறங்கலம்மா," என்றேன். "அப்புறம் பசிச்சுது. அவருக்கும் பசிக்கும்."