மாமியின் புதுப் பூட்டு

நவ. 10, திங்கள்
விடிந்ததிலிருந்து தூறல். மலைக்கோட்டை தெரியவில்லை. துவைத்த துணி எல்லாம் அப்படியே ஈரம்.

நான் எடுக்கும் ஆன்லைன் இங்கிலீஷ் வகுப்பில் இந்த வாரம், சந்தேகத்துக்கு இங்கிலீஷில் உள்ள சொற்கள். நம்ம ஊரில் எல்லாவற்றுக்கும் ஒரே டவுட்தான். அவர்கள் தரம் பிரித்து வைத்திருக்கிறார்கள். டவுட்: உண்மையா, பொய்யா, தெரியவில்லை. சஸ்பெக்ட்: நீதான் என்று பாதி முடிவு கட்டியாச்சு. டிஸ்டிரஸ்ட்: இனி உன்னை நம்ப மாட்டேன். வேரி: உஷார், வழுக்கி விழுந்தவர் ஈரத்தரையில் நடப்பது மாதிரி.

சின்னாளபட்டி மாணவி "ஐ சஸ்பெக்ட் மை ஹஸ்பெண்ட்" என்று வாக்கியம் அமைத்தாள். பின்னாலிருந்து அவள் வீட்டுக்காரர், "என்னத்தயாம்?" என்றார். வகுப்பே சிரித்தது.

மதியம் எங்கள் கடையில் பிரியாணி கசக்கிறது என்று பழைய வாடிக்கையாளர் சொன்னாராம். மாமியார் முகம் சுண்டிவிட்டது. கடை மசாலா மாமி ஒருவரே வறுத்து அரைப்பது. கதவைச் சாத்திக்கொண்டு. அளவெல்லாம் கிடையாது, மணம்தான் கணக்கு. நிக்காஹ் ஆகி வந்த நாளிலிருந்து அந்த அறைக்குள் நான் கால் வைத்ததில்லை.

நவ. 12, புதன்
மசாலா அறைக்குப் புதுப் பூட்டு. பழசைவிடப் பெரிசு. திண்டுக்கல்லில் பூட்டுக்கா பஞ்சம்.

காரணம் நான். என் தம்பி பழனி ரோட்டில் பிரியாணிக் கடை போட்டிருக்கிறான். மாமி தன் மகனிடம் சொன்னது அடுப்படிவரை கேட்டது.

"மசாலாவுல யாரோ கை வச்சிருக்காக. அவ தம்பி அங்க கடை போடுறான், இங்க கசக்குது. என்னா அர்த்தம்?"

இவர் கடைக்குக் கிளம்பிவிட்டார். அவ அப்படிச் செய்ய மாட்டாம்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் வாயிலிருக்கும் முத்தா உதிர்ந்துவிடும்?

மாமி: சஸ்பெக்ட். இவர்: டவுட். நான்: வேரி, அந்தப் பக்கமே போவதில்லை. இதில் இவருடைய டவுட்தான் அதிகம் வலிக்கிறது.

ரீசார்ஜ் மறந்துவிட்டேன்.

நவ. 14, வெள்ளி
வெயில். துணி காய்ந்தது. வாங்க: சின்ன வெங்காயம், சோப்பு, பாப்பாவுக்குக் கலர் பென்சில்.

மாமி தொழப்போகுமுன் பூசிய அத்தர் கூடத்தில் உட்கார முடியாமல் தூக்கியது. பாட்டிலையே கவுத்தீங்களாம்மா என்று இவர் கேலி செய்தார். லேசாத்தான் தடவினேன் என்றார் மாமி. சிரிக்கவில்லை.

சாயங்காலம் மாடிவரை தீய்ந்த நாற்றம். ஓடி வந்தால் பால் அடிப்பிடித்துத் தீய்கிறது. மாமி பக்கத்திலேயே நின்று நிம்மதியாகக் கிண்டிக்கொண்டிருந்தார். அடுப்பை அணைத்தேன். தீஞ்சுபோச்சு மாமி என்றேன். பாத்திரத்தைப் பார்த்தார். பிறகு என்னை. கரண்டியை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மாமிக்கு மூக்கு போய்விட்டது. போன மாசக் காய்ச்சலிலிருந்தே இருக்கும். மணம் தெரியாமல் வறுத்து வறுத்து மசாலாவைத் தீய்த்திருக்கிறார். கசப்பு அதுதான்.

கோபமாகவே இருக்கப் பார்த்தேன். முடியவில்லை. பாவம், அவருக்கு இருப்பது சந்தேகமே இல்லை, பயம். அது என் பாடத்தில் இல்லை.

இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் என் பேர் சுத்தமாகிவிடும். மாமியிடமிருந்து அறை போய்விடும்.

நவ. 15, சனி
நாளைக்கு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். கூடவே ஒரு கல்யாண ஆர்டர். மாமி வறுக்கப் போனார். கதவு சாத்தும் சத்தம் வரவில்லை.

"நூரு, செத்த இங்க வாம்மா."

வாசலிலேயே நின்றேன். உள்ளே வரச் சொன்னார். சட்டியில் பட்டை, கிராம்பு, ஜாதிபத்திரி. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டார்.

"மணம் வந்துருச்சா?"

இன்னும் இல்லை என்றேன். கிண்டினார். பொறுத்திருந்தேன். இப்போ இறக்குங்க என்றேன். இறக்கினார்.

வெளியே வந்து பூட்டினார். இழுத்துப் பார்த்தார். சாவி வழக்கம்போல இடுப்பில்.

"வார சனிக்கிழமையும் வீட்டுலதான இருப்ப?"