பத்து மணிக்கு வார்டிலிருந்து போன் வரும்

ஏங்க,

சோறு குக்கர்ல இருக்கு.

பத்து மணிக்கு எங்க மனநல வார்டு நர்ஸ் கூப்பிடுவா. என் அண்ணனை வீட்டுக்கு அனுப்பலாமான்னு கேப்பா. நான் அங்கேயே வேலை பாக்கறதால என்னைக் கேக்கக் கூடாது, உங்களைத்தான் கேக்கணும். தனி ரூம் இருக்கா? இல்லைன்னு சொல்லுங்க. மாத்திரை கொடுக்க ஆள் இருக்கா? இல்லை. பாப்பா பயப்படுவாளா? ஆமா. இப்படிச் சொன்னா அனுப்ப மாட்டாங்க. போன வருஷம் எங்க ஆளுங்க, பூட்டிக் கிடந்த வீட்டு வாசல்ல ஒரு நோயாளியை இறக்கிவிட்டுட்டு வந்தப்போ, நான் சண்டை போட்டுக் கொண்டுவந்த கேள்விங்க இதெல்லாம்.

"கூடப்பொறந்தவன்தானே"ன்னு நேத்து கேட்டீங்க. பதினஞ்சு வருஷமா ஊரான் வீட்டு அண்ணன்களையெல்லாம் பார்த்தாச்சு. போதும்.

பி.கு.: பின்ரூம் கட்டிலைப் பிரிச்சுடுங்க. நேர்லயும் வந்து பார்ப்பாங்க.

இன்னொண்ணு. அவனே போனை வாங்கி, "தங்கச்சி சாப்பிட்டுட்டுத்தான் கிளம்பினாளா, மாப்ளே?"ன்னு கேப்பான். தெளிஞ்சுட்டான்னு எனக்கும் தெரியும். பதில் சொல்லாம வெச்சிடுங்க.