சாப்பிட்டால் அம்மா வரும்

சேசு மரி சூசை துணை

க்ஷயரோக ஆஸ்பத்திரி,
1938 மாசி, வியாழக்கிழமை

என் கூடப்பிறந்த லூர்து மேரிக்கு அக்காள் ஆரோக்கியம்மாள் எழுதுவது. ஐயாவுக்கும் ஆத்தாவுக்கும் என் தோத்திரத்தைச் சொல். நம் வயலில் இரண்டாம் போகம் கதிர் வாங்கிவிட்டதா?

இங்கே சாப்பாட்டுக்குக் குறைவில்லை. பாலும் முட்டையும் கொடுத்து, கட்டிலை வராந்தாவில் போட்டுக் காற்றாடப் படுக்க வைத்திருக்கிறார்கள். இருமல் மட்டும் அப்படியேதான் இருக்கிறது. விட்டுவிட்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் சிரிக்காதே. இந்தக் காகிதத்தைப் பிள்ளை கையில் கொடுக்க வேண்டாம். படித்ததும் நீயும் கையைக் கழுவிக்கொள்.

சின்னப்பராஜ் ஒரு வாய் கூட வாங்க மாட்டேன் என்கிறான், ஐயா மூக்கைப் பிடித்துக் கஞ்சி ஊற்றினார் என்று எழுதியிருந்தாய். மாட்டுக்கு மருந்து ஊற்றுகிற மாதிரி என் பிள்ளைக்கு ஊற்றுவார்களா? நான் கோபித்தேன் என்றே அவரிடம் சொல். நீயும் லேசுப்பட்டவள் இல்லை. கிண்ணம் நிறையப் பிசைந்து எடுத்துக்கொண்டு தெருவெல்லாம் அவன் பின்னால் ஓடுகிறாயாமே! நீ ஓட ஓட அவனுக்கு அது விளையாட்டு. சோறு எங்கே உள்ளே போகும்?

அவன் பருப்பைத் துப்புவது ருசி பிடிக்காமல் இல்லை. தாளித்த கடுகை அவன் எறும்பு என்று நினைக்கிறான். 'கடிக்கும், கடிக்கும்' என்று என்னிடமும் அழுதிருக்கிறான். இடுப்பில் வைத்துக்கொண்டு அவன் கையாலேயே கடுகைச் சட்டியில் போடச் சொல்லுவேன். அது வெடிக்கிற சத்தத்துக்குக் கெக்கெக்கென்று சிரிப்பான். தான் போட்டது என்றால் பேசாமல் தின்பான். கொஞ்சம் எட்டவே நிறுத்து, எண்ணெய் தெறிக்கும்.

வட்டிலில் கொஞ்சமாகப் போடு. நிறையப் பார்த்தாலே அவனுக்கு வாய் மூடிக்கொள்ளும். நீயும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடு. அவன் பாட்டுக்கு அள்ளித் தின்னட்டும். பாதி கீழே சிந்தும், சிந்தட்டும். போதும் என்று முகத்தைத் திருப்பினால் விட்டுவிடு. அடுத்த வீட்டுப் பிள்ளையைக் காட்டி, அது எப்படித் தின்கிறது பார் என்று மட்டும் சொல்லாதே. சின்ன வயதில் என்னைக் காட்டி உன்னை ஏசியபோது உனக்கு எப்படி இருந்தது?

நான் இங்கே வந்த புதிதில் வழித்து வழித்துச் சாப்பிட்டவன், இப்போது ஏன் நிறுத்திவிட்டான் என்றே தெரியவில்லை என்கிறாய். அதே கடிதத்தில்தான், 'ரெண்டு வாய் வாங்கு ராசா, சாப்பிட்டா அம்மா வந்துரும்' என்று சொல்லிச் சொல்லி ஊட்டியதாகவும் எழுதியிருக்கிறாய். உனக்கே புரியவில்லையா லூர்து? நீ சொன்ன பேச்சைக் கேட்டு அவன் சாப்பிட்டான். நான்தான் வரவில்லை. ஒவ்வொரு நாளும் வட்டிலைக் காலி பண்ணிவிட்டு வாசலைப் பார்த்திருப்பான். இனிமேல் அந்தப் பேச்சு வேண்டாம். பிள்ளை பசிக்குச் சாப்பிடட்டும். எனக்காகச் சாப்பிட வேண்டாம்.

போன வாரம் உன் மச்சான் வந்திருந்தார். டாக்டர் அவரைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். வெளியே வந்தவர், 'ஒண்ணுமில்ல, சித்திரைக்குள்ள வீட்டுக்குப் போயிரலாம்னு சொல்லுறாக' என்று சிரித்தார். அவருக்குப் பொய் சொல்ல வராது. சொல்லிவிட்டு என் போர்வையையே நீவிக்கொண்டிருந்தார். நான் நம்பினது மாதிரி இருந்துகொண்டேன்.

எனக்குப் பிறகு உன்னை மச்சானுக்கே கட்டிக் கொடுக்கலாமா என்று ஐயா நம் ஊர்க் கோயில் சாமியாரிடம் கேட்டதும், கொழுந்தியாளைக் கட்ட பிஷப் மேற்றிராணியாரிடம் உத்தரவு வாங்க வேண்டும் என்று அவர் சொன்னதும் எனக்குத் தெரியும். 'அக்கா உசுரோட இருக்கையில இதென்ன பேச்சு' என்று நீ அடுப்படியில் தலையில் அடித்துக்கொண்டு அழுததையும் ஆத்தா யாரையோ கொண்டு எனக்கு எழுதியிருந்தாள். எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் பொய். ஒரு நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். ஆனாலும் வேறொருத்தி கையில் என் பிள்ளை சோற்றுக்கு நிற்கக் கூடாது. அதனால் நானே உன்னிடம் கேட்கிறேன், சரி என்று சொல்லிவிடு. மச்சானால் உனக்குத் தொந்தரவு இருக்காது, உப்பில்லாமல் போட்டாலும் தின்றுவிட்டு எழுந்து போகிற மனிதர்.

தேவமாதா உன்னையும் பிள்ளையையும் கைவிட மாட்டாள். சாப்பிட்ட கையை நீ கழுவிவிடும்போது அவன் உன்னை 'அம்மா' என்று கூப்பிட்டுவிட்டானாம். 'அம்மா இல்லடா, சித்தி' என்று நீ சொன்னாயாம். எனக்காகத்தான் சொன்னாய், தெரியும். இன்னொரு தடவை கூப்பிட்டால் அப்படிச் சொல்லாதே தாயி. என்ன ராசா என்று கேள்.

உன் அக்காள்,
ஆரோக்கியம்மாள்