ஏசி மோட்டாரில் தண்ணீர்

22 ஏப்ரல் 2006, சனி

விருதுநகர் ஒர்க்‌ஷாப்பில் இன்று நான் சொல்லாமல் விட்டது இதுதான்: அது மழைத்தண்ணீர் இல்லை.

இரண்டு நாளாகக் காரின் ஏசியில் காற்று வரவில்லை. மெக்கானிக் செல்லப்பாண்டி முன்சீட்டில் தலைகீழாகப் படுத்து, டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து ஒரு சின்ன மோட்டாரைக் கழற்றினார். "குளிரெல்லாம் நல்லாத்தான் இருக்கு சார். அத வெளிய தள்ளுற புளோயர்தான் செத்துப்போச்சு" என்றார். மோட்டாரைச் சாய்த்ததும் துரு நிறத்தில் தண்ணீர் வடிந்தது.

"இது ஏசி மோட்டாரா, கெணத்து மோட்டாரா சார்?"

அப்பா குனிந்து பார்த்தார். "மழைத்தண்ணி எறங்கியிருக்கும்ப்பா."

"நம்மூர்ல மழையா? எந்த வருசம் சார்?"

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். நான் ரோட்டில் போன தேர்தல் வேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தினமும் சாயங்காலம் தாயில்பட்டிப் பட்டாசுக் கம்பெனியிலிருந்து வந்ததும், முன்கண்ணாடிக்குக் கீழே காற்று உள்ளே போகிற சல்லடையில் அப்பா ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுகிறார். தம்பி ஜோபின் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்த நாள் முதல் நடக்கிறது. அதை யாரிடம் சொல்வேன்?

புது மோட்டார் மதுரையிலிருந்து வரவேண்டும்.

23 ஏப்ரல், ஞாயிறு

சர்ச்சில் பின்வரிசைப் பெண் கேட்டாள்: "ஏசி இல்லாம ஒங்களுக்கு வண்டி நகராதாமே?" புன்னகைத்து வைத்தேன். ஜோபினின் முதுகிலும் மார்பிலும் கழுத்திலும் தீக்காயத்தின் மேல் ஒட்டவைத்த தோல் வேர்க்காது. உள்ளே ஏறும் சூடு இறங்க வழி கிடையாது. நர்ஸாக இத்தனை வருடம் பார்த்த அம்மாவுக்கே அது பிடிபடச் சில வாரங்கள் ஆயின. சர்ச் வாசலில் நின்று இதையெல்லாம் விளக்கவா முடியும்?

26 ஏப்ரல், புதன்

மோட்டார் மாட்டியாகிவிட்டது. வீட்டு வாசலிலேயே ஜோபினை உட்காரவைத்து ஏசியைப் போட்டோம். கண்ணை மூடிக்கொண்டான்.

"அக்கா, கொடைக்கானல் வந்துருச்சா?"

"இன்னும் சாத்தூரே தாண்டலடா."

கிணத்து மோட்டார் கதையை அவனிடம் சொன்னேன். சிரித்தான். பிறகு முன்கண்ணாடிக்குக் கீழே பார்த்தான்.

வலது கையை மடியில் கவிழ்த்து வைத்திருந்தான். நான்கு விரல்களும் உள்ளங்கையை நோக்கி மடங்கி இறுகிவிட்டன. மே ஒன்பதாம் தேதி மதுரையில் ஆபரேஷன். கிடைப்பதற்கே அரிதான தேதி. மே மாத வெயிலில் அவனை மதுரை வரை கொண்டுபோக இந்தக் கார்தான் வழி.

சாயங்காலம் மறுபடியும் வாளி.

29 ஏப்ரல், சனி

அப்பா ஏன் இதைச் செய்கிறார் என்று எனக்குத் தெரியும். பட்டாசுக் கம்பெனியில் வேலை முடிந்ததும் ஒவ்வொரு அறையையும் தண்ணீர் விட்டுக் கழுவித்தான் கதவைச் சாத்தவேண்டும். ஒரு சிட்டிகை வெடிமருந்து தரையில் கிடந்தாலும் காலையில் முதல் கால் தேய்த்ததும் வெடிக்கும். இருபது வருடத்துக்கு மேலாக அப்பா போர்மேன். தான் கழுவிய அறையில் ஒன்றும் நடந்ததில்லை என்பதுதான் அவருடைய பெருமை. போன செப்டம்பரில், தீபாவளி சீசனுக்கு ஆள் பற்றவில்லை என்று ஜோபினை அழைத்துப்போனவரும் அவர்தான். தீப்பிடித்தது வேறு அறையில். பகல் பதினொரு மணிக்கு. கழுவும் நேரம் வரவே இல்லை.

சட்டையில் மருந்துத் தூசியோடு வருகிறார். அது காரில் படியும், ஏசிக் காற்றில் பறக்கும், பிள்ளை மேல் விழும் என்று பயப்படுகிறார். அவனைத் தொடுவதில்லை. அவன் கையைப் பார்ப்பதில்லை. கட்டு மாற்றும்போது வெளியே போய்விடுகிறார். காரை மட்டும் கழுவுகிறார்.

அதையும் தப்பு என்று சொன்னால் அவரிடம் என்ன மிஞ்சும்?

2 மே, செவ்வாய்

கோழைத்தனமான ஒரு காரியம் செய்தேன். பழைய ரெக்ஸின் துண்டை வெட்டி, அந்தச் சல்லடை மேல் டேப் போட்டு ஒட்டினேன். சாயங்காலமே அப்பா பிய்த்துவிட்டார்.

"காத்து போற வழிய யாரும்மா அடைச்சது? உள்ள ஒக்கார்ற புள்ளைக்கு மூச்சு முட்டாதா?"

"அப்பா, தண்ணி உள்ள எறங்கிச்சுன்னா..."

"ஒரு வாளிதானம்மா."

அவர் முகத்தைப் பார்த்தேன். மீதி வாக்கியம் வரவில்லை. நூலகத்திலிருந்து கொண்டுவந்த தடிமனான ரஷ்ய நாவலில், ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பிழைத்திருக்கக்கூடிய குடும்பத்தைப் பற்றிப் படித்து எரிச்சல்பட்டுக்கொண்டிருக்கிறேன். வாயைத் திறங்களேன் என்று காகிதத்தைப் பார்த்துக் கத்தத் தோன்றுகிறது. வாசலில் நிற்கும்போது மட்டும் நான் யார்?

7 மே, ஞாயிறு

ஏசி போட்டால் லேசாகக் கீச்சென்று ஒரு சத்தம். அப்பா "புது மோட்டாருல்ல, ஓட ஓடச் சரியாயிரும்" என்றார். தலையாட்டினேன்.

9 மே, செவ்வாய்

 இன்றே எழுதிவிடவேண்டும்.

அப்பா ஓட்டினார். அம்மா முன்னால், நானும் ஜோபினும் பின்னால். விருதுநகர் தாண்டியதும் கீச்சுச் சத்தம் அதிகமாயிற்று. கள்ளிக்குடி தாண்டி அது அறவே நின்றது. காற்றும் நின்றது. ஜன்னல்களை இறக்கினோம். அடுப்புக்குள் தலையை நுழைத்தது போல அனல்.

"கொடைக்கானல்ல என்னக்கா இப்பிடி வெயிலு" என்றான் ஜோபின். மயங்குவதற்கு முன் அவன் கடைசியாகப் பேசியது அதுதான். கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்து, கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு பொட்டு வேர்வை இல்லை. வாந்தி எடுத்தான். கண் செருகியது.

அம்மா கத்தினாள்: "வண்டிய நிறுத்துங்க! புள்ளைய எறக்குங்க மொதல்ல!"

திருமங்கலத்துக்கு முன்னால் ஒரு டீக்கடை. பெஞ்சில் படுக்கவைத்தோம். கடைக்கார அம்மா தொட்டித் தண்ணீரைக் காட்டி, "அம்புட்டையும் எடுத்துக்கோங்க" என்றாள். அப்பா மக்கில் மொண்டு அவன் தலையில், மார்பில் ஊற்றினார். இன்னொரு கையால் அந்தத் தோலைத் தடவித் தடவித் தண்ணீரைப் பரப்பினார். எட்டு மாதத்தில் முதல்முறையாக அவனைத் தொடுகிறார்.

ஜோபின் கண்ணைத் திறந்தான்.

"இங்கன ஊத்துங்கப்பா. கார்ல ஊத்தாதீக."

அப்பாவின் கை அப்படியே நின்றது. மக்கிலிருந்து தண்ணீர் வழிந்து அவருடைய வேட்டியில் கொட்டிக்கொண்டே இருந்தது.

"ஊத்துங்க, ஏன் நிக்கிறீக?" என்று அம்மா அதட்டியதும் மறுபடி மொள்ள ஆரம்பித்தார்.

திருமங்கலத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். மூன்று மணிக்குமேல் சூடு இறங்கியது. மதுரைக்கு போன் செய்தோம். இந்த நிலையில் மயக்க மருந்து கொடுக்க முடியாது, தேதி தள்ளிப்போகும் என்றார்கள். எந்தத் தேதி என்று சொல்லவில்லை.

உயிரோடு இருக்கிறான். கர்த்தருக்கு நன்றி. வேறு எதற்கும் இன்று நன்றி சொல்ல முடியவில்லை.

11 மே, வியாழன்

வீடு வந்துவிட்டோம். மத்தியானம் அப்பா என் அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"ஒனக்குந் தெரியுமாம்மா?"

"தெரியும்ப்பா."

"மொத மோட்டாருக்கே தெரியுமா?"

"ம்."

"சொல்லிருக்கலாம்லம்மா. நான் என்ன கோவிச்சுக்கவா போறேன்?"

கோபித்துக்கொண்டிருந்தால் தேவலை. அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டேன் — உண்மையில் என்னைத்தான் காப்பாற்றிக்கொண்டேனா? அவர் முகம் விழுவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை, அவ்வளவுதான். அதற்கு விலையாகத் தம்பி பெஞ்சில் கிடந்தான்.

ஜோபினிடம் கேட்டேன், உனக்கு எப்போது தெரியும் என்று.

"நீ கெணத்து மோட்டார் கத சொன்னேல்ல, அப்பவே."

"ஏன்டா சொல்லல?"

"அந்த ஒரு வாளி நேரந்தான் அப்பா எங்கிட்ட பேசுறாருன்னு தோணும்க்கா."



14 மே, ஞாயிறு

செல்லப்பாண்டி வீட்டுக்கே வந்து அடுத்த மோட்டாரை மாட்டினார். இந்த முறையும் ஏதோ கேலி செய்ய வாயெடுத்தார். அப்பா முந்திக்கொண்டார்: "நான்தாம்ப்பா தண்ணி ஊத்துனேன். டெய்லி ஒரு வாளி. மருந்துத் தூசி போகட்டும்னு."

செல்லப்பாண்டி ஜோபினைப் பார்த்தார். கேலியை விழுங்கிவிட்டார். தூசிக்கு ஈரத்துணியால் துடைத்தால் போதும் என்று மட்டும் மெதுவாகச் சொன்னார்.

15 மே, திங்கள்

அப்பா இன்று கம்பெனி வேனில் வேலைக்குப் போனார். இனிமேல் கார் தாயில்பட்டிப் பக்கம் போகாது என்கிறார். போர்மேன் வேனிலா என்று எல்லாரும் கேட்டிருப்பார்கள். என்ன பதில் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

19 ஜூன், திங்கள்

ஆபரேஷன் முடிந்தது. போகும்போது மதுரை வரை ஏசி ஒரே சீராக ஓடியது.  கட்டுப் பிரிக்க மூன்று வாரம்.

10 ஜூலை, திங்கள்

கட்டுப் பிரித்தபோது அப்பா அறைக்குள்ளேயே இருந்தார்.

6 ஆகஸ்ட், ஞாயிறு

மூன்று விரல்கள் நிமிர்ந்திருக்கின்றன. சுண்டுவிரல் நிமிரவில்லை. மே மாதமே செய்திருந்தால் நிமிர்ந்திருக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். இன்று சர்ச் முடிந்து வந்து ஜோபின் வலது கையால் சோறு பிசைந்து சாப்பிட்டான். நிறையச் சிந்தியது. அப்பா அவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்.