தகரம்மாவுக்குக் கால்

மே 12, ஞாயிறு

காலையிலிருந்து புழுக்கம். மழை வருவேன் வருவேன் என்று கடல் பக்கமே நிற்கிறது. கப்பல் வரவில்லை, தீவில் எந்தக் கடையிலும் வெங்காயம் இல்லை. பருப்பும் அப்பளமும் போதும்.

லீவில் பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிடுகிறார்கள். அதனால் வசந்தாவின் அறிவியல் கிளப் டெலானிபூரில் நம் குவார்ட்டர்ஸ் வராந்தாவில். என் பேத்தி பத்தாவதுதான், ஈயப் பற்று வைக்கிறாள்! பக்கத்து வீட்டு ஃபிட்டர் நின்று பார்த்து, தலையை ஆட்டிவிட்டுப் போனார். நான் அஞ்சாவதோடு நின்றவள். எனக்குத் திருஷ்டி சுற்றிப் போடத்தான் தெரியும். சுற்றினேன்.

தகரம்மா என்பது இவர்கள் செய்கிற மிஷின் பொம்மை. பிஸ்கட் டின் தலை, மண்ணெண்ணெய் டின் உடம்பு, கண்ணுக்கு டார்ச் பல்பு. வயிற்றுக்குள் பழைய லாரியின் வைப்பர் மோட்டார். கால் கிடையாது, ஸ்டூல்மேல் உட்காரும். பேட்டரியை மாட்டினால் இரண்டு கையும் எழும்பிக் கும்பிடும்.

லீவு முழுக்க ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டுவதாகத் திட்டம். கரண்டே பார்க்காத பிள்ளைகளுக்கு. முதலில் சௌல்தாரிதான் என்று ஷெபாலி அடம்பிடித்திருந்தாள். அவள் ஊர். வங்காளிப் பெண், ஹாஸ்டலில் இருந்தவள், வசந்தாவோடு ஒட்டிப் பிறந்த மாதிரி. லீவு விட்டதும் ஊருக்குப் போனாள். காய்ச்சல். அவ்வளவுதான், பிள்ளை இல்லை.

அதற்கப்புறம் இன்றுதான் வசந்தா சாமான்களைத் தொட்டாள். அழவில்லை. எனக்கு அதுதான் பயம்.

மே 14, செவ்வாய்

வராந்தாவில் சண்டை.

"இடது கை வெட்டி வெட்டி இழுக்குது. கும்பிடச் சொன்னா தன் கன்னத்துல தானே அறைஞ்சுக்குது." இது லட்சுமி, தெலுங்குப் பெண். தமிழ் நன்றாகப் பேசுவாள், வாய் கொஞ்சம் அதிகம்.

இடது கை ஷெபாலி செய்தது.

வசந்தா அந்தக் கையை ஒருதரம் தூக்கி விட்டுப் பார்த்தாள். "அவ அம்மா முன்னாடி இத வச்சு எல்லாரும் சிரிக்கணுமா? அவளுக்காகவாவது சுத்தமா செய்யணும்."

கழற்றிவிட்டார்கள். புதுக் கை பால்பவுடர் டின்னில், பளபளவென்று. பழையது நசுங்கி இரும்புக்காரர் மூட்டையில் போயிற்று.

சாயங்காலம் தகரம்மா கல்யாண வாசலில் நிற்கிற சம்பந்தியம்மா மாதிரி கும்பிட்டாள். கை தட்டினேன். கோவில்பட்டிக்குத் தம்பிக்கு எழுதவேண்டும்.

வசந்தா சாப்பிடவில்லை.

மே 19, ஞாயிறு

சௌல்தாரி. நானும் போனேன், வயசுப் பிள்ளைகளைத் தனியே அனுப்ப முடியுமா. கண்டக்டர் தகரம்மாவைப் பார்த்து, "நானி, யே கௌன்? பஹூ?" என்றான். பாட்டி, இது யாரு, மருமகளா என்று கேட்கிறான்!

"ஆமாப்பா. டிக்கெட் கேக்காத, எதிர்த்துப் பேசாத மருமக."

வசந்தா சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாள்.

பள்ளிக் கொட்டகையில் நல்ல கூட்டம். கண் எரிந்தது, கை எழும்பியது, ஒரே கூச்சல். சின்னது ஒன்று பயத்தில் நின்ற இடத்திலேயே ஒன்றுக்குப் போனது. கடைசியில் தூணோரம் ஷெபாலியின் அம்மா. கூட்டம் கலைந்த பிறகு வந்தாள். பாதி ஹிந்தி, பாதி வங்காளம். இதில் என் மகள் செய்தது எது என்று கேட்டாள்.

லட்சுமி தரையைப் பார்த்தாள். இடது கையைக் காட்டிவிடு என்று நானே கண்ணால் ஜாடை காட்டினேன். என் பேத்தி கேட்கவில்லை.

"எதுவும் இல்ல மாசி. அவ செஞ்ச கையக் கழட்டிட்டோம். நல்லா இருக்கணும்னு." ஹிந்தியில்தான், சித்தி முறை வைத்துச் சொன்னாள், எனக்கே புரிந்தது.

அந்த அம்மா தலையாட்டினாள். புதுக் கையில் எங்கள் விரல் பட்ட அழுக்கை முந்தானையால் துடைத்துவிட்டாள். "அச்சா ஹை" என்றாள், நன்றாக இருக்கிறதாம். போய்விட்டாள்.

"ஒரு வாய் டீ கூடக் கேக்கல" என்றாள் லட்சுமி.

"வாய மூடுட்டி" என்றேன்.

மே 21, செவ்வாய்

மழை. கொட்டு கொட்டென்று. துணி எதுவும் காயவில்லை.

தகரம்மா சாக்குக்குள். மூலையில். லம்பா லைன் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் வந்து எங்கள் பிள்ளைகளுக்கும் காட்டுங்களேன் என்றார். வசந்தா முடியாது என்றுவிட்டாள். கிளப்பே வேண்டாமாம்.

"ஏட்டி, கையில வித்தைய வச்சுக்கிட்டு..."

"ஆச்சி, பேசாம இரு."

எழுந்து அடுக்களைக்குப் போனேன். இந்தப் பெருமையை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது. முறுக்கு சுட்டேன், தீய்ந்தது.

மே 26, ஞாயிறு

மழை விட்டுவிட்டு. லட்சுமி வந்திருந்தாள், வசந்தாவைச் சமாதானம் செய்ய. அப்போது வாசலில் ஷெபாலியின் அம்மா, தொப்பலாக நனைந்து. முதல் பஸ்ஸில் வந்திருக்கிறாள். துண்டு கொடுத்தேன், டீ கொடுத்தேன். டீ ஆறிப்போயிற்று. மடியிலிருந்த பழைய சேலை மூட்டையை அவிழ்த்தாள்.

இரண்டு கால். மண்ணெண்ணெய் டின் தகரம், முட்டிக்குக் கதவுக் கீல், பாதத்துக்குப் பலகை. ஒரு ஒட்டும் நேராக இல்லை. ஷெபாலியின் ஒட்டு. தகரம்மாவை நடக்க வைக்கிறேன் என்று, வந்த அன்றைக்கே ஆரம்பித்தாளாம். காய்ச்சலோடும் செய்தாளாம்.

"லகாவ்." மாட்டு என்கிறாள்.

வசந்தா சாக்கை உருவினாள். மாட்டிப் பிடித்தார்கள். கால் நெடுநெடுவென்று, உடம்பு சின்னதாக, கொக்கு நிற்கிற மாதிரி.

"அளவு தப்பு. முட்டிக்குக் கீழ வெட்டிரலாம்." லட்சுமி தகரம் வெட்டுகிற கத்தரியை எடுத்தாள்.

அந்த அம்மா கத்தரியைக் கையோடு பிடித்துக்கொண்டாள். தப்பில்லையாம். கட்டிலில் உட்கார்ந்து, கயிறு பிடித்து, ஷெபாலி தன் காலையே அளந்து அளந்து செய்தாளாம்.

லட்சுமி கத்தரியைக் கீழே வைத்தாள். அழுதாள். நானும்.

வசந்தா ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள். தகரம்மாவின் தலையைக் கழற்றினாள், பளபளக்கிற கையைக் கழற்றினாள், உடம்பைப் பிரித்துத் தரையில் போட்டாள்.

"இந்த உடம்பு பத்தாது ஆச்சி. காலுக்குத் தக்கன புதுசா செய்யணும்."

பென்சிலோடு சுவரோரம் போய் நின்றாள். ஷெபாலி எவ்வளவு உயரம் மாசி என்று கேட்டாள். தெரியாதா இவளுக்கு.

அந்த அம்மா எழுந்து சுவரோரம் வந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். உள்ளங்கையைக் கவிழ்த்து, ஒரு தலையின் மேல் வைப்பதுபோல், தன் காதுக்கு நேராக வைத்தாள்.

வசந்தா கோடு போட்டாள். போட்டு முடித்த பிறகும் அந்தக் கை இறங்கவில்லை.